எங்கள் தெரு டைம்கீப்பர்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டில் இருந்திருக்கும், பென்ஷன் புத்தகத்தில் இருந்திருக்கும். எங்கள் தெருவில் மட்டும் இல்லை. பெற்ற மகளே போனில், "டைம்கீப்பர் இருக்காரா?" என்று கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். கட்டிய மனைவி கோபம் வந்தால் "யோவ் டைம்கீப்பரு" என்பார். கொஞ்சல் வந்தால் "எங்க டைம்கீப்பரு" என்பார். கொஞ்சல் வந்து நான் பார்த்தது குறைவு.

அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, முழங்கால் தேய்ந்து, கடைசியில் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவருக்கு இன்று ஆஃப், அவருக்குப் பதிலாக யார் ஏறுவது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அந்த வேலையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். உலகத்தில் எல்லாரும் ஏதோ ஒரு டூட்டியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாற்று ஆள் அனுப்புவது தன் பொறுப்பு என்று நிஜமாகவே நம்பினார்.

ஒருமுறை எங்கள் தெருமுனையில் ஒரு நாய் குட்டி போட்டது. இவர் இரண்டு நாள் நின்று பார்த்தார். அடுத்த நாள் குட்டிகளையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு, "எத்தினி நேரந்தான் படுத்துகினே பால் குடுக்கும்? கொஞ்சம் நடந்துட்டு வரட்டும்" என்று தன் வீட்டுப் பக்கம் கிளம்பினார். நாய் நடக்கவில்லை, ஓடியது. இவர் பின்னாலேயே ஓடியது. அப்புறம் பெரியாஸ்பத்திரியில் ஊசி. ஊசி போட்ட நர்ஸைப் பார்த்து, "ஏம்மா, மூஞ்சி வாடிக்கீதே, நைட் டூட்டியும் நீதானா?" என்று விசாரித்தாராம்.

அந்த நாய்க்கு இருந்த புத்திதான் எனக்கும் இருந்தது. சொல்கிறேன்.

என் மகன் தணிகைவேலுக்கு அப்போது பத்தொன்பது வயது. டாக்டர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள் அவன் குறைக்கு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பேச்சு நாலைந்து வார்த்தை. பசித்தால் சொல்லத் தெரியாது, தட்டைத் தூக்கி வீசத் தெரியும். தண்ணீர்க் குழாயைக் கண்டால் திறந்துவைத்துக்கொண்டு நாளெல்லாம் நிற்பான். கையை விட்டால் போய்விடுவான், எங்கே என்று அவனுக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் சென்னையில் வேலை. விடிவதற்குள் ரயில் ஏறுவார், பிள்ளை தூங்கியபின் இறங்குவார். நடுவில் உள்ள பகல் முழுக்க நான் ஒருத்தி. ராத்திரியும் நான்தான், ஏனென்றால் அவன் நினைத்தால்தான் தூங்குவான்.

ரேஷன் கடை வரிசையில் அவன் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டேன் ஒருநாள். தோளில் யாரோ பையால் தட்டினார்கள். டைம்கீப்பர்தான்.

"ஏம்மா, உனுக்கு ஆஃப் என்னிக்கி?"

"எதுக்குங்க ஆஃப்?"

"பையன பாத்துக்கறியே, அதுக்கு."

"அது டூட்டியா? நான் பெத்த புள்ளைங்க."

"பெத்த புள்ளன்னா தூக்கம் வராதா? இப்ப நின்னுகினே தூங்கின. டபுள் டூட்டி பாத்த டிரைவர நான் வண்டி எடுக்க உட்டதே இல்ல. நீ பத்தொம்போது வருசமா எறங்காம ஓட்டிகினு கீற. எங்கனா ஒருநாள் மோதுவ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மோதினா என் தலைதான போவும்? உங்களுக்கு என்னங்க?"

"உன் தல மட்டும் இல்லம்மா. உள்ள ஒக்காந்துகினு கீறானே ஒரு பாசஞ்சர், அவன் தலையும்தான்" என்று தணிகையைக் காட்டினார். அவன் அவர் பையிலிருந்த சர்க்கரையை விரலால் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் வாசலில் மூன்று பேர். நடுவில் இவர். வலப்பக்கம் கோயில் படிக்கட்டு ஓரம் பூ விற்கும் கனகம்மா. இடப்பக்கம் பஞ்சர் கடை பாஷா பாய். பாஷா பாய் முகத்தைப் பார்த்தால் தூக்கத்தில் இழுத்துவந்த மாதிரி இருந்தது. இழுத்துத்தான் வந்திருக்கிறார்.

"காலையில கனகம்மா. சாயங்காலம் பாய். நடுவுல எங்க வூட்டம்மா. நான் ஸ்பேரு" என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள்! அதோடு விட்டாரா? டூட்டி மாறும்போது வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்ல வேண்டுமாம். சாப்பிட்டானா, வெளிக்குப் போனானா, கோபத்தில் இருக்கிறானா, எந்தக் காலில் செருப்பு கடிக்கிறது, எல்லாம். "என் பிள்ளை என்ன பஸ்ஸா?" என்று கத்தினேன். "பஸ்ஸுக்கே அவ்ளோ பாக்கறோம்மா" என்றார் நிதானமாக. அந்த நிதானம்தான் எனக்கு ஆகவே ஆகாது.

முதல் நாள் எனக்கு இரண்டு மணி நேரம் ஆஃப். எங்கே போவது? போக ஒரு இடம் கிடையாது, போய்ப் பழக்கமும் கிடையாது. கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கினேன். திரும்பி வந்து பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கனகம்மா தெலுங்கில் ஏதோ பாடிக்கொண்டு பூக்கட்டுகிறாள், இவன் நாரைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறான். சண்டை இல்லை, தட்டு பறக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிற்றெரிச்சல்தான் வந்தது.

பின்னாலிருந்து விசில் சத்தம். "டூட்டி எறங்கினவங்க ஷெட்டுல நிக்கக்கூடாது!"

"இது என் வீடுங்க."

"இன்னும் ஒண்ற மணி நேரம் கீது."

சத்தியமாகச் சொல்கிறேன், என் வீட்டுக்குள் என்னை விடவில்லை. தெருவில் சோப்போடு நின்றேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலை இறக்கினார். "மேல மலையில கீறாரே, அவுருக்கே ராவானா பள்ளியறன்னு ஒண்ணு வச்சி, பால் குடுத்து, கதவ சாத்தறாங்க. யாரும் உள்ள போய் கொற சொல்ல முடியாது. உனுக்கு யாரும்மா கதவ சாத்தறது?" என்றார். அழுதுவிடுவேனோ என்று பயந்து இன்னொரு சோப்பு வாங்கப் போனேன்.

அந்தக் கேள்வி அவருக்கே பிடித்துப்போயிருக்க வேண்டும். அடுத்த வாரம் தன் வீட்டு முன்னறையைக் காலி செய்து, பாய் விரித்து, ஃபேன் மாட்டி, கதவில் சாக்பீஸால் 'ஓய்வறை' என்று எழுதிவிட்டார். டிப்போவில் டிரைவர்கள் படுக்க இருக்குமே, அந்த மாதிரி. எங்கள் தெருவில் நான். பின் தெருவில் மகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது, இன்னும் ஊட்டிவிட வேண்டும். அப்புறம் பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒருத்தி, இரட்டைப் பிள்ளைக்காரி, இரண்டுமே பேசாது. எங்கள் பிள்ளைகள் வெளியே முற்றத்தில் கனகம்மாவோடும் டைம்கீப்பர் வீட்டம்மாவோடும். நாங்கள் உள்ளே.

உள்ளே பிள்ளைகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று சட்டம். வேறு எதைப் பேசுவோம்? எந்த மாத்திரை தூக்கம் தருகிறது, எந்த டாக்டர் முகம் பார்த்துப் பேசுகிறார், கல்யாண வீட்டில் யார் எங்களை மூலையில் உட்காரவைத்தார்கள், இதுதான். பள்ளிப்பட்டுக்காரி தன் மாமியார் பேசுகிற மாதிரி பேசிக்காட்டுவாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். கதவில் டொக் டொக். "உள்ள பேச்சு சத்தம் கேக்குது. தூங்குங்க!" அப்புறம் மூன்று பேரும் குறட்டை விடுவோமாம். என் குறட்டைதான் பெரிது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

குறை இல்லாத மனுஷன் இல்லை. ஊருக்கெல்லாம் ஆஃப் கொடுத்தவர் கட்டியவளுக்குக் கொடுத்ததில்லை. ஒருநாள் அந்தம்மா முற்றத்தில் எங்கள் ஐந்தாறு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "எல்லாருக்கும் மாத்து ஆள் அனுப்பறாரு. எனுக்கு முப்பத்தஞ்சு வருசமா ஓவர்டைமு" என்றார். மறுநாள் டைம்கீப்பரே சமைத்தார். அந்தச் சாம்பாரை நாய்க்கு வைத்தோம், அதே நாய், மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் அன்றிலிருந்து வாரம் ஒருநாள் அந்தம்மா மகராணி மாதிரி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சோறு கொண்டுபோனோம்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. அப்புறம் அவருக்கு ஆசை வந்தது, எனக்கு ஒரு முழு ராத்திரி ஆஃப் கொடுக்க வேண்டும் என்று. நகரியில் என் தங்கை இருக்கிறாள். பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். தணிகை பிறந்தபின் நான் அவள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. போய்விட்டு வா என்றார். என்றைக்குத் தெரியுமா? ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள்!

"என்னங்க இது, ஊரே ஜனமா இருக்குமே அன்னிக்கு!"

"அதாம்மா சொல்றேன். எல்லாப் பக்கமும் ஸ்பெஷல் பஸ் உடுவாங்க. நீ ஒக்காந்துகினு போலாம்."

பஸ்காரர் புத்தி பஸ்ஸோடு போயிற்று. எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை. போனேன்.

மறுநாள் காலை தங்கை வீட்டில் விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தேன். போனில் ஒரு போட்டோ வந்திருந்தது. என் பிள்ளை, மொட்டைத் தலையோடு! சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டி கட்டி நிற்கிறான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேண்டிக்கொண்ட மொட்டை. கத்தியைக் கண்டாலே கூரை பறக்கக் கத்துவான் என்பதால் முடியாமலேயே இருந்தது. கோயிலில் மொட்டை போடுகிற இடத்துக் குழாயடியில் உட்காரவைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் முடித்துவிட்டார்களாம். பாஷா பாய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாராம். தங்கையிடம் காட்டிக் காட்டி அழுதேன். அந்தக் காபி அவ்வளவு ருசியாக இருந்தது.

இரண்டாவது டம்ளர் குடிப்பதற்குள் போன் அடித்தது. டைம்கீப்பர். அவர் எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று குரலே எழும்பவில்லை.

"ஏம்மா... ஒரு ஆக்சிடெண்ட்டு... பையன காணோம்."

கனகம்மா பக்கத்துக் கடைக்காரியிடம் சில்லறை மாற்றத் திரும்பினாளாம், பாய் செருப்பு மாட்டக் குனிந்தாராம், இவர் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தாராம். மூன்று பேர் டூட்டியில், மூன்று பேர் கையும் காலி.

நான் எப்படிப் பஸ் ஏறினேன் என்று தெரியாது. கூட்டம் என்று ஊருக்கு வெகுதூரம் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள். ஓடினேன். எதிரே வருகிறவன் மொட்டை, பக்கத்தில் போகிறவன் மொட்டை, எல்லார் தலையிலும் சந்தனம், எல்லார் இடுப்பிலும் மஞ்சள். ஆயிரம் பேர் என் பிள்ளையாகத் தெரிந்தார்கள், ஒருவனும் என் பிள்ளை இல்லை. அப்போதுதான் புரிந்தது இந்த மூன்று புத்திசாலிகளும் என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்று. நாளெல்லாம் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரே நாளில், கண்டுபிடிக்க முடியாத ஒரே வேஷத்தைப் போட்டு விட்டிருக்கிறார்கள்.

அதற்குள் அங்கே நடந்ததைப் பிறகு கேட்டேன். இப்போது சிரிப்பு வருகிறது, அன்று யார் சிரித்தார்கள்? டைம்கீப்பர் மைக் வைத்திருந்த போலீஸ்காரரிடம் ஓடி அடையாளம் சொன்னாராம். "வாலிபப் பையன், மொட்ட, சந்தனம், மஞ்ச வேட்டி." போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு, "பெரியவரே, மல மேல கீற எல்லாரும் இதான். வேற எதுனா சொல்லு" என்றாராம். கனகம்மா படிக்கட்டில் நின்று உயிர் போகிற மாதிரி, "தணிகவேலு! தணிகவேலு!" என்று கூப்பிட்டிருக்கிறாள். கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கி, "அரோகரா!" என்று பதில் சொல்லியிருக்கிறது. அவள் கத்தக் கத்தக் கூட்டத்துக்குப் பக்தி ஏறியதே தவிர பையன் வரவில்லை. தெருக்காரர்கள் ஆளுக்கொரு மொட்டையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்களாம். அதில் ஒருவர் சித்தூர் பக்கத்துத் தாத்தா. தன்னை எதற்கோ மரியாதை செய்யக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்து, டைம்கீப்பர் வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவனுக்குக் குழாய் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கிருத்திகைக்கு ஊரெல்லாம் குழாய் அல்லவா போட்டுவைக்கிறார்கள்! பாஷா பாய்தான் ஒவ்வொன்றாகப் போனார். சரவணப் பொய்கைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தல். நான் மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்தபோது பாய் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பந்தலுக்குள் என் பிள்ளை. காவடி எடுத்து வருகிறவர்கள் வரிசையில் வருகிறார்கள், இவன் குழாயைத் திறக்கிறான், சொம்பு நிறைந்ததும் மூடுகிறான், அடுத்த ஆள். ஒரு பாட்டி இவன் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுப் போனாள். சட்டையில்லாத நெஞ்சில் யாரோ 'தொண்டர்' என்று பேட்ஜைக் கயிற்றில் மாட்டியிருந்தார்கள்.

நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். பந்தல்காரர் ஓடிவந்தார். "அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் உட்டுட்டுப் போங்கம்மா. காலையில இருந்து ஒரு சொட்டு வீணாக்கல. எங்க ஆளுங்கள்ளாம் டீ குடிக்கப் போயிக்கீறாங்க."

அப்போதுதான் டைம்கீப்பர் நொண்டிக்கொண்டு வந்தார். வேட்டி அவிழ்ந்து பாதி தெருவில் இழுபட்டது. அவரைக் கண்டதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அத்தனை ஆத்திரம். "உங்க வயித்துப் பிள்ளையா இருந்தா இப்படி விட்டிருப்பீங்களா? இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க! யாரும் வேணாம் எனக்கு. நான் செத்தா இவனையும் கூட்டிகினே போறேன்!" என்று அத்தனை ஜனம் பார்க்கக் கத்தினேன். கத்தியதற்கு இன்றுவரை வருத்தம் இல்லை. பிள்ளையைத் தொலைத்துத் தேடியவளுக்கு அந்த உரிமை உண்டு. அவர் தலையைத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து கேட்டைப் பூட்டினேன். கனகம்மா வந்தாள், திருப்பி அனுப்பினேன். பாய் வந்தார், திறக்கவில்லை. பழையபடி நான் ஒருத்தி. டைம்கீப்பர் வரவே இல்லை. அவர் வீட்டம்மா மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "சஸ்பென்ஷன்ல கீறாரும்மா" என்றார்.

"யார் போட்டது?"

"அவுரே போட்டுக்கினாரு. ஆக்சிடெண்ட் பண்ணவன் டூட்டில நிக்கக்கூடாதாம். ஓய்வறக் கதவயும் பூட்டிட்டாரு. பள்ளிப்பட்டுப் பொண்ணு வந்து ரெண்டு கொழந்தையையும் வச்சிகினு வாசல்ல நின்னுட்டுப் போச்சு."

எனக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் அசையவில்லை நான். அசைத்தவன் தணிகை.

நாலாம் நாள் காலை. கனகம்மா வருகிற நேரம். அவனாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே போய் நின்றான். முந்தின நாளும் நின்றான், அதற்கு முந்தின நாளும் நின்றான். நான் ஏமாற்றி உள்ளே கூட்டிவந்துவிட்டேன். அன்று வரமாட்டேன் என்றான். இட்லி ஊட்டப் போனேன், வாயை இறுக்கிக்கொண்டான். "கனகம்மா வரமாட்டாடா, அம்மா இருக்கேன் இல்ல?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தான். தோளை அமுக்கி, நான் எழுந்திருக்காதபடி பார்த்துக்கொண்டான். அப்புறம் திரும்பவும் போய்க் கேட்டருகே நின்றுகொண்டான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசித்தேன். இத்தனை நாளும் இவனிடமிருந்து எனக்கு ஆஃப் வேண்டுமா வேண்டாமா என்று ஊரே பேசியது, நானும் பேசினேன். என்னிடமிருந்து இவனுக்கும் ஆஃப் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, பெற்றவளுக்கே தோன்றவில்லை. நாள் முழுக்க ஒரே முகம், ஒரே கை, ஒரே அதட்டல். பாவம் பிள்ளை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பூட்டைத் திறந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு டைம்கீப்பர் வீட்டுக்குப் போனேன். அவர் சவரம் செய்யாத முகத்தோடு, சத்தத்தை அணைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார், அதிகாரி வந்த மாதிரி. தணிகை நேரே போய் அவர் தாடியைத் தடவிப் பார்த்தான்.

"தப்பு பண்ணிட்டேம்மா. இனிமே அந்த வேல எனுக்கு வாணாம்."

மன்னிப்பு என்றெல்லாம் சொல்ல எனக்கு வராது, சொல்லவும் இல்லை.

"எனக்கு லீவு வேணுங்க" என்றேன்.

நானாக வாய்திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். டைம்கீப்பர் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பழைய குரலில் கேட்டார்.

"எத்தினி நாளு?"

ஒரு நாள் என்று சொல்லத்தான் போனேன்.

"ரெண்டு" என்றேன்.